தொட்டிக்குள் அவரை இறக்கியது யார்?

செப்டிக் டேங்க் மரணச் செய்திகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தால் ஊரும் வயதும்தான் மாறியிருக்கும். ஒருவர் இறங்கினார், மயங்கி விழுந்தார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கினார், அவரும் விழுந்தார். சில செய்திகளில் மூன்றாவதாகவும் ஒருவர் இருப்பார், அண்ணனாகவோ மைத்துனராகவோ. தீயணைப்புத் துறையினர் வந்து உடல்களை மேலே எடுத்தார்கள். விஷவாயு தாக்கியதே காரணம் என்று முதற்கட்ட விசாரணையில் தெரியவந்தது. போலீசார் வழக்குப் பதிவு செய்திருக்கிறார்கள். அவ்வளவுதான் செய்தி.

அந்த வாயுவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தொட்டிக்குள் கழிவு காற்றில்லாமல் மக்கும்போது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகின்றன. ஹைட்ரஜன் சல்பைடுக்கு அழுகிய முட்டை நாற்றம். கொஞ்சமாக இருக்கும்போது மூக்கே எச்சரித்துவிடும். அளவு கூடினால் முகர்கிற நரம்பு மரத்துப்போகும். நாற்றம் அடங்கிவிட்டது, இறங்கலாம் என்று தோன்றும். இன்னும் கூடினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சுருண்டுவிடுவார். லாரிக் குழாய் மேலே நிற்கும் நீரை உறிஞ்சிவிடும், ஆனால் பல வருடமாக அடியில் இறுகிக் கிடக்கும் மண்டி அதற்கு அசைந்து கொடுக்காது. அதைக் கிளறிவிடவோ வாளியில் அள்ளவோதான் ஆளை இறக்குகிறார்கள். கிளறும்போதுதான் உள்ளே அடைபட்டிருந்த வாயு மொத்தமாகக் கிளம்புகிறது. மேலே கயிறு பிடித்திருப்பவர் யோசிக்காமல் குதிக்கிறார். கீழே கிடப்பவர் அவருடைய தெருக்காரர், பெரும்பாலும் சொந்தக்காரரும்கூட.

முதுகலையில் அரசியல் தத்துவம் படித்தவன் நான். 1970-கள் தொடங்கி நீதியைப் பற்றி எழுதப்பட்ட பெரிய புத்தகங்களை இன்றும் எடுத்துப் படிக்கிறேன். அவற்றை இந்தத் தொட்டியின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தால் எது நிற்கும் என்ற கேள்வி ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது. என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். நல்ல சமூகத்தின் சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்கிற கோட்பாடுகள் நமக்குப் பாதி தூரம்தான் துணைக்கு வரும். ஏனென்றால் அந்தச் சட்டம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

கையால் மலம் அள்ள ஆள் வைப்பதைத் தடை செய்து 1993-லேயே நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 2013-ல் அதைவிடக் கடுமையான இன்னொரு சட்டம் வந்தது. அதன் 7-வது பிரிவு, பாதுகாப்பில்லாமல் பாதாளச் சாக்கடையிலோ செப்டிக் டேங்க்கிலோ யாரும் யாரையும் நேராகவோ மறைமுகமாகவோ வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம் வரை போகும். துப்புரவுத் தொழிலாளர் உரிமைக்கான இயக்கமான சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் 2003-ல் தொடுத்த வழக்கில் 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும். 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் அந்தத் தொகையை 30 லட்சமாக்கியது. இதற்கிடையில் கையால் மலம் அள்ளி யாரும் இறக்கவில்லை என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் பதில் சொன்னது. சாக்கடையிலும் தொட்டியிலும் நடக்கும் சாவுகள் ‘அபாயகரமான துப்புரவு’ என்ற தனிக் கணக்கில் போய்விட்டன.

சட்டம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது, தொகை இருக்கிறது. சாவும் நிற்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸிடம் போகலாம்.

ரால்ஸ் 1921-ல் பால்டிமோரில் பிறந்தவர். சிறுவயதில் அவருக்கு டிப்தீரியா என்ற தொண்டை அடைப்பான் நோய் வந்தது. அவரிடமிருந்து தம்பிக்குத் தொற்றியது; இவர் பிழைத்தார், தம்பி இறந்துபோனான். அடுத்த வருடமே நிமோனியா, இன்னொரு தம்பியும் அதே மாதிரி போனான். எந்தத் தகுதியும் பார்க்காமல் ஒருவருக்கு வாழ்வையும் ஒருவருக்குச் சாவையும் கொடுக்கிற அதிர்ஷ்டத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்த ஒருவர்தான், பிறப்பின் அதிர்ஷ்டத்தை வைத்து யாருடைய வாழ்வும் தீர்மானிக்கப்படக் கூடாது என்ற எண்ணத்தின் மேல் ஒரு முழுத் தத்துவத்தைக் கட்டினார். 1971-ல் வந்த ‘நீதிக் கோட்பாடு’ அது. அறியாமைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து விதிகளை எழுதச் சொல்கிறார். நீ என்ன சாதி, என்ன பால், எவ்வளவு சொத்து, என்ன திறமை எதுவும் உனக்குத் தெரியாது. இப்போது சொல், எந்தச் சமூகத்தில் வாழச் சம்மதிப்பாய்?

ஒரு நகரத்தின் கழிவுநீர் விதியை இப்படி எழுத உட்கார்ந்தால் என்ன ஆகும்? மாடியில் குடியிருக்கப் போகிறேனா, இடுப்பில் கயிறு கட்டி இறங்கப் போகிறேனா என்று தெரியாத நிலையில் ஒருவர்கூட ஆளை இறக்கலாம் என்று எழுத மாட்டார். 2013 சட்டத்தின் 7-வது பிரிவை அப்படியே எழுதிவைப்பார். ரால்ஸின் முறை சரியான விடையைத்தான் தருகிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் தன் கோட்பாட்டுக்கு ஓர் அனுமானம் வைத்திருக்கிறார்: நியாயமான விதிகளை எல்லோரும் ஏற்று நடப்பார்கள். நடக்காத இடத்து அநீதிகள்தான் அன்றாடம் நம்மை நெருக்குபவை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். முதலில் அடித்தளம் போட்டுவிடுவோம், மற்றது பிறகு என்பது அவர் வாதம். நம் விஷயம் முழுக்க அந்தப் ‘பிறகு’வில் கிடக்கிறது.

அவருடைய இன்னொரு யோசனையை இங்கே கைவிட மாட்டேன். ஏற்றத்தாழ்வு இருந்தால் அது அடிமட்டத்தில் இருப்பவருக்கு அதிக நன்மை தருவதாக இருக்க வேண்டும் என்றார். சரி, யார் அடிமட்டம்? ரால்ஸ் வருமானம், வாய்ப்பு போன்றவற்றைக் கொண்டு அளக்கிறார். சாதிச் சமூகம் அநீதியானது என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்கிறார். அம்பேத்கர் 1936-லேயே இதற்குள் இறங்கிவிட்டார். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமில்லை, வேலை செய்பவர்களையே பிரித்து வைப்பது என்றார். அதுவும் படிப்படியாக அடுக்கி, ஒவ்வொரு படிக்கும் கீழே இன்னொரு படி இருக்கும்படி. தமிழ்நாட்டில் துப்புரவு வேலை யார் தலையில் காலங்காலமாகக் கட்டப்பட்டது என்று ஊருக்கே தெரியும். 18 சதவீதப் பட்டியல் சாதி இடஒதுக்கீட்டுக்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் என்று 2009-ல் இங்கே சட்டம் வந்தது. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் கடைசிப் படியைத் தேடிப் போன சட்டம் அது. இப்படி உட்பிரிவு செய்யலாம் என்று 2024 ஆகஸ்ட் 1-ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்னது. அடிமட்டம் எது என்று உட்கார்ந்து தேட வேண்டும், அது தானாகக் கண்ணில் படாது என்பதை ரால்ஸின் பக்கங்களைவிட இந்தச் சட்டத்தில்தான் நான் தெளிவாகப் படித்தேன்.

இனி இன்னோர் அமெரிக்கத் தத்துவவாதி, ராபர்ட் நோசிக். எங்கள் பகுதியில் இன்னும் பாதாளச் சாக்கடை வரவில்லை. எல்லா அடுக்குமாடிகளுக்கும் செப்டிக் டேங்க்தான், மூன்று நான்கு தெருவுக்கு ஒரே லாரிக்காரர். குடியிருப்பு சங்கக் கூட்டத்தில் ஒருமுறை இந்தப் பேச்சு வந்தது. “யாரும் கட்டாயப்படுத்தலையே சார், காசு பேசி சம்மதிச்சுத்தானே இறங்கறாங்க” என்றார் ஒருவர். அவர் நல்ல மனிதர், வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாவின் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறவர். அவர் சொன்னதை அப்படியே தத்துவமாக்கி 1974-ல் எழுதியவர் நோசிக். இஷ்டப்பட்டுச் செய்துகொண்ட பரிமாற்றங்கள் எங்கே கொண்டுபோய் விட்டாலும் அந்த முடிவு நியாயமானதே என்றார். கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லினைப் பார்க்க ஒவ்வொருவரும் மனம் ஒப்பி 25 சென்ட் கொடுத்து அவர் பணக்காரரானால் யார் குறை சொல்ல முடியும் என்ற அவருடைய உதாரணம் பிரபலம்.

அதே புத்தகத்தில் அவ்வளவாகப் பேசப்படாத இன்னோர் இடம் இருக்கிறது. வேலைக்குப் போவது, இல்லையென்றால் பட்டினி என்ற நிலையில் இருக்கும் தொழிலாளி. அவர் வேலையை ஏற்றால் அது சம்மதமா? ஆம் என்கிறார் நோசிக், ஒரு நிபந்தனையோடு: மற்ற எல்லோரும் தத்தம் உரிமைக்குள் நடந்துகொண்டிருந்து, அதன் விளைவாகவே இவருக்கு வேறு வழி இல்லாமல் போயிருந்தால், அது சம்மதம்தான். அந்த நிபந்தனையைக் கொஞ்சம் நின்று படியுங்கள். செப்டிக் டேங்க் முன்னால் நிற்பவருக்கு வேறு வழி அடைபட்டது எப்படி? அவர் தாத்தாவை ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லை, நிலம் வாங்க விடவில்லை, பள்ளித் திண்ணையில் ஏற விடவில்லை. இவையெல்லாம் யாருடைய உரிமைக்குள்ளும் வருகிற செயல்கள் இல்லை. பழைய அநீதியைச் சரிசெய்யும் விதி ஒன்று வேண்டும் என்று நோசிக்கே தன் கோட்பாட்டில் இடம் வைத்திருக்கிறார். அநீதி பெரிதாக இருந்தால் கொஞ்ச காலத்துக்கு விரிவான அரசுகூடத் தேவைப்படலாம் என்றும் எழுதியிருக்கிறார். ஆகவே ‘சம்மதிச்சுத்தானே’ என்பவருக்கு நோசிக்கும் துணைக்கு வர மாட்டார்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் காதர் மியா ஞாபகம் வருவார். பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் தன் எழுத்தில் பலமுறை நினைவுகூர்ந்த மனிதர். 1944, டாக்கா. இந்து முஸ்லிம் கலவரம். கூலி வேலை தேடி இந்துக்கள் வாழும் பகுதிக்கு வந்த முஸ்லிம் தொழிலாளி, முதுகில் குத்துப்பட்டு ரத்தம் ஒழுக, சிறுவன் சென் இருந்த வீட்டுக்குள் நுழைந்தார். சிறுவன் தண்ணீர் கொடுத்துப் பெரியவர்களைக் கூப்பிட்டான். அப்பா மருத்துவமனைக்குக் கொண்டுபோனார், ஆனால் பிழைக்கவில்லை. இந்த நேரத்தில் அந்தப் பக்கம் போகாதே என்று மனைவி தடுத்திருக்கிறார். வீட்டில் சாப்பிட ஒன்றும் இல்லை, அதனால் வந்தேன் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அவரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கூலி கிடைக்கும் என்று தானாகத்தான் வந்தார். பசி ஒரு மனிதரை எந்தக் கத்திக்கும் முன்னால் கொண்டுபோய் நிறுத்தும் என்பதைச் சென் அன்று பார்த்தார். ஒருவர் கையில் என்ன இருக்கிறது என்பதோடு, அவரால் என்னவாக இருக்க முடிகிறது, எதற்கு மாட்டேன் என்று சொல்ல முடிகிறது என்றும் அளக்க வேண்டும் என்ற அவருடைய பிற்காலக் கோட்பாட்டின் வேர் அங்கே இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

சென் 2009-ல் எழுதிய நீதி பற்றிய பெரிய நூலை ரால்ஸின் நினைவுக்குத்தான் சமர்ப்பித்தார். ஆனாலும் ரால்ஸோடு முரண்படுகிறார். குறையே இல்லாத நியாயமான சமூகத்தின் வரைபடம் கையில் இருந்தால்தான் அநீதியை அகற்ற முடியும் என்றில்லை. அடிமைமுறையை எதிர்த்தவர்கள் அது போனால் உலகம் முழுமையாகிவிடும் என்று நம்பி எதிர்க்கவில்லை, அது சகிக்க முடியாத அநீதி என்பதால் எதிர்த்தார்கள் என்கிறார். நிறுவனமும் விதியும் சரியாக இருக்கின்றனவா என்பதோடு நின்றுவிடாமல், மக்கள் வாழ்க்கை உண்மையில் எப்படிப் போகிறது என்று பார்க்கச் சொல்கிறார். கேரளத்தில் இளம் பொறியாளர்கள் சிலர் மேன்ஹோல் அடைப்பு எடுக்கும் ‘பேண்டிகூட்’ இயந்திரத்தை உருவாக்கி 2018-ல் திருவனந்தபுரத்தில் இறக்கினார்கள். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் வந்திருக்கிறது. இவை எதற்கும் யாரும் முழுமையான நீதிக் கோட்பாட்டை எழுதி முடிக்கும்வரை காத்திருக்கவில்லை.

அமெரிக்க அரசியல் தத்துவவாதி மைக்கேல் வால்சர் இந்த விஷயத்தை நேராகவே எடுத்தார். 1983-ல் வந்த அவருடைய நூலில் கடினமான, அசுத்தமான வேலைகளுக்கென்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. அந்த வேலையை இழிந்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட ஒரு கூட்டத்தின் தலையில் கட்டாமல் எல்லோரும் பங்கிட முடியுமா என்று யோசிக்கிறார். ஆசிரமத்தில் காந்தி கழிப்பறையைத் தானே சுத்தம் செய்தது நமக்குத் தெரியும். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த வேலையைப் புனிதம் என்று புகழ்வது, அதில் பிறந்தவரை அங்கேயே இருக்கச் சொல்வதாகிவிடும் என்று அம்பேத்கர் கோபப்பட்டாரே, அந்தக் கோபத்தின் பக்கம்தான் நான் நிற்கிறேன். தொட்டிக்குள் இறங்கும் வேலையைப் பங்கிட வேண்டியதில்லை, அப்படி ஒரு வேலையே இருக்கக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் தலைப்பில் இருக்கிற கேள்விக்கு இவர்களில் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. சட்டத்தை யாரும் மறுக்கவில்லை, அது ஏன் நடப்பதில்லை? இதை எடுத்துக்கொண்டவர்கள் இரண்டு பெண்கள்.

ஜூடித் ஷ்க்லார் லாட்வியாவின் ரீகா நகரில் பிறந்த யூதர். 1939-ல் குடும்பத்தோடு ரீகாவை விட்டுத் தப்பி, பின்னாளில் ஹார்வர்டில் பேராசிரியரானார். தத்துவவாதிகள் நீதியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், அநீதியை அதன் இன்மை என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள் என்பது அவருடைய குறை. 1990-ல் வந்த அவருடைய நூல் ஒரு கேள்வியில் நிற்கிறது: ஒரு பேரிடர் எப்போது துரதிர்ஷ்டம், எப்போது அநீதி? பாதிக்கப்பட்டவரிடம் கேட்காமல் இதைத் தீர்மானிக்காதீர்கள் என்கிறார். இத்தாலியில் பதுவா நகரத் தேவாலயத்துச் சுவரில் 14-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஓவியர் ஜோத்தோ வரைந்த ‘அநீதி’ ஓவியத்தை அவர் எடுத்துக் காட்டுகிறார். இடிந்த வாசலில் ஓர் ஆட்சியாளன் உட்கார்ந்திருக்கிறான், விரல்கள் நகம் வளர்ந்து வளைந்திருக்கின்றன. அவன் காலடியில் மரங்கள் வளர்ந்து நிற்கின்றன. கீழே கொள்ளையும் வன்முறையும் நடக்கின்றன. அவன் முகம் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. அவன் யாரையும் அடிக்கவில்லை, நடக்கட்டும் என்று விட்டிருக்கிறான். தடுக்கக்கூடிய இடத்தில் இருந்தும் தடுக்காமல் இருப்பதும் அநீதியில் ஒரு வகை என்று ஷ்க்லார் அழுத்திச் சொல்கிறார். ‘விஷவாயு தாக்கி’ என்று எழுதும்போது நாம் அநீதியை எடுத்துத் துரதிர்ஷ்டத்தின் கணக்கில் சேர்த்துவிடுகிறோம்.

இரண்டாமவர், அமெரிக்கத் தத்துவவாதி ஐரிஸ் மரியன் யங், 2006-ல் இறந்தார். பொறுப்பைப் பற்றி அவர் எழுதிக்கொண்டிருந்த நூல் 2011-ல்தான் வெளிவந்தது. யாரும் சட்டத்தை மீறாமல், யாரும் கெட்ட எண்ணம் வைக்காமல், அவரவர் வேலையை அவரவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் அநீதி எப்படி உருவாகிறது என்று அதில் காட்டுகிறார். நம் தொட்டிக்கு அதைப் பொருத்திப் பாருங்கள். பில்டர் இடம் மிச்சம் பிடிக்க, படிக்கட்டுக்கு அடியில் ஆள் குனிந்துகூடப் போக முடியாத இடத்தில் தொட்டியைக் கட்டினார். வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. பாதாளச் சாக்கடைத் திட்டம் அடுத்த கட்டத்துக்கு என்று தள்ளிப்போனது. சங்கம் பராமரிப்புச் செலவைக் குறைக்க ஏழெட்டு வருடம் தொட்டியைத் திறக்கவில்லை, மண்டி இறுகியது. நாப்கினும் பிளாஸ்டிக்கும் போட்டு வீட்டுக்காரர்கள் அடைத்தார்கள். மூன்று பேரிடம் விலை கேட்டுக் குறைவானவரைச் செயலாளர் பிடித்தார். குறைந்த விலைக்கு வந்தவரிடம் இயந்திரம் இல்லை. அவர் மேஸ்திரியிடம் சொன்னார். மேஸ்திரி வழக்கமான காலனியில் வழக்கமான ஆளுக்கு போன் போட்டார். இதில் கடைசி இரண்டு பேர்மேல்தான் வழக்கு வரும்.

யங் இதில் இரண்டு விஷயங்களைப் பிரிக்கிறார். குற்றம் என்பது பின்னால் திரும்பிப் பார்த்து ஒருவரைச் சுட்டுவது. பொறுப்பு என்பது முன்னால் பார்ப்பது. இந்தச் சங்கிலியில் எங்கோ ஒரு கண்ணியாக இருக்கும் எல்லோருக்கும் அது உண்டு, ஒன்றுசேர்ந்து செயல்பட்டால்தான் அதை நிறைவேற்ற முடியும். அதிகாரம் அதிகம் உள்ளவருக்கும் இந்த ஏற்பாட்டால் ஆதாயம் அடைபவருக்கும் பொறுப்பும் அதிகம். நான் படித்தவற்றுள் தொட்டியின் விளிம்பு வரை கூட வருகிற கோட்பாடு இதுதான். ஓர் இடத்தில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. குற்றம் சாட்டினால் மக்கள் தற்காப்பில் இறங்கிவிடுவார்கள் என்று யங் அதைத் தவிர்க்கப் பார்க்கிறார். அந்த நூலுக்கு முன்னுரை எழுதிய தத்துவவாதி மார்த்தா நுஸ்பாமே இதை மறுக்கிறார்: செய்ய வேண்டியது தெரிந்தும் காலம் போகப்போகச் செய்யாமல் இருந்தால், ஒரு கட்டத்தில் அது குற்றமாகிவிடாதா? 1993 முதல் எண்ணினால் நமக்குப் போதுமான காலம் போயிருக்கிறது.

சங்கத்தில் அதன்பின் பேசியதெல்லாம் இந்தத் தத்துவப் பெயர்கள் எதுவும் இல்லாமல்தான். மண்டி இறுகுவதற்கு முன்பே, அதாவது இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, தொட்டியைச் சுத்தம் செய்வது. தொட்டி சுத்தம் செய்ய அழைக்கும் 14420 என்ற இலவச எண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது. எந்தக் காரணத்துக்காகவும் ஆள் உள்ளே இறங்க மாட்டார் என்று விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்குவது. பாதாளச் சாக்கடை கேட்டு வார்டு கவுன்சிலரிடம் பக்கத்துத் தெருக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு மனுக் கொடுப்பது. லாரிக்காரரிடம் எழுதித் தரச் சொன்னபோது, “இப்படி யாரும் கேட்டதில்ல சார். எழுதித் தர்றேன், ஆனா தண்ணி பீச்சி மண்டியைக் கரைக்கற ஜெட்டிங் மெஷின் வாடகைக்கு எடுக்கணும், ரெண்டாயிரம் கூட ஆகும்” என்றார். 40 வீடு. வீட்டுக்கு 50 ரூபாய். தீர்மானம் நிறைவேறிவிட்டது. ‘சம்மதிச்சுத்தானே’ என்றவர் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். மூன்று வீட்டுக்காரர்கள் இன்னும் போடவில்லை, அவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்.